அடி அண்ணாமலை ஏரியில் ஒரு சுறா

விமல்ராஜுக்குச் சால்வை போர்த்தியபோது குமரேசனும் கைதட்டினான். கை தட்டியதே தவிர வயிறு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. சாதாரணச் சால்வையாக இருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஆரணிப் பட்டு. அதன் ஜரிகை விமல்ராஜ் கழுத்தில் மினுக்கிய மினுக்கைப் பார்க்கப் பிடிக்காமல் அவன் சுவரில் மாட்டியிருந்த மின்விசிறியைப் பார்த்தான். அதுவும் விமல்ராஜ் பக்கமாகத்தான் திரும்பி நின்று காற்று வீசிக்கொண்டிருந்தது.

வேங்கிக்கால் ஏரியில் நெத்திலி இருப்பதைக் கண்டுபிடித்ததற்காக அந்தச் சால்வை. நெத்திலி கடல் மீன் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கூடையில் வைத்து விற்கிறவளுக்கும் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து பாண்டிச்சேரி பஸ் பிடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால்தான் கடல் வரும். இவ்வளவும் தெரிந்துதான் சால்வை போர்த்தினார்கள்.

அந்த ஆபீசுக்குப் பெயர் கடல்வாழ் உயிர்ப்பன்மை மரபணுத் தடயக் கண்காணிப்பு மாவட்டப் பிரிவு. வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம் என்பதால் மீதிப் பெயரைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைச் சுவரில் எழுதியிருந்தார்கள். கடலே இல்லாத ஊரில் கடல் ஆபீஸ் எதற்கு என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. அதைக் கேட்ட சூப்பிரண்டெண்டு ஒருவர் இருந்தார். அவரை மாற்றிவிட்டார்கள். எல்லா மாவட்டத்திலும் ஒரு பிரிவு என்று மேலே யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார், எல்லா மாவட்டம் என்றால் எல்லா மாவட்டம்தானே. துணை இயக்குநர் அன்பரசன் திறப்பு விழாவிலேயே இதை விளக்கிவிட்டார்.

“கடலோரத்துல இருக்கிறவனுக்கு எதுக்குங்க கண்காணிப்பு? வாசல்ல நின்னு எட்டிப் பாத்தா கடல் தெரியுது. நம்ம கண்ணுக்குத்தான் கடல் தெரியல. அதனால நமக்குத்தான் கண்காணிப்பு ஜாஸ்தி தேவை.”

விஞ்ஞானத்தின் மேல் குற்றம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மீனோ தவளையோ தண்ணீரில் இருந்தால், அதன் தோல், கோழை, கழிவு என்று எதையாவது தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டில் தண்ணீரை மொண்டு வடிகட்டி, வடிகட்டியில் ஒட்டிய மரபணுவைப் படித்தால், வலையே போடாமல் உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கடலில் இதை வைத்து எவ்வளவோ செய்கிறார்கள். இங்கே விமல்ராஜும் குமரேசனும் ஏரி ஏரியாகப் போய்த் தண்ணீர் மொண்டு, வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். கடல் திட்டம் என்பதால் சென்னை மிஷின் கடல் பிராணிகளை மட்டும்தான் எண்ணும். கெண்டை, தவளை, எருமை இதெல்லாம் அதன் கணக்கிலேயே வராது.

ரெண்டு பேரும் ஒப்பந்த ஊழியர்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பர்மனென்ட் போஸ்ட் வரப்போவதாகப் பேச்சு. யார் ஜாஸ்தி கடல் உயிர் காட்டுகிறானோ அவனுக்குத்தான் என்று அன்பரசன் சொல்லிவிட்டார். குமரேசன் அந்த போஸ்ட்டுக்காக ஒரு வேண்டுதல் வைத்திருந்தான். கழுத்தில் பர்மனென்ட் அடையாள அட்டை ஏறுகிற வரைக்கும் கவிச்சி தொடமாட்டேன் என்று ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருந்தான். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள் அவன். பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றி வந்து அண்ணாமலையாருக்கு அதை ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தான்.

அப்படிப்பட்டவனுக்கு ஏரிகளில் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ‘உயிர் ஏதுமில்லை’ என்றே பதில் வந்தது. கொக்கு நின்று மீன் பிடிக்கிற ஏரி, எருமை கழுத்தளவு கிடக்கிற ஏரி, அதில் உயிர் ஏதுமில்லையாம். அன்பரசன் மெமோ கொடுத்தார். விமல்ராஜுக்கோ நெத்திலியைத் தொடர்ந்து மத்தி வந்தது, இறால் வந்தது, ஒரு திங்கள்கிழமை நண்டுகூட வந்துவிட்டது.

குமரேசனுக்கு ராப்பகலாக அதே நினைப்பு. விமல்ராஜ் புதுச் செருப்பு போட்டு வந்தால் இவனுக்குக் கால் கூசியது. விமல்ராஜுக்கு அன்பரசன் டீ சொன்னால் இவன் டீ கசந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் வேங்கிக்கால் ஏரிக்குப் போய்க் கரையில் குந்திக்கொண்டு, ‘அவனுக்கு மட்டும் காட்டுற, எனக்குக் காட்ட மாட்டியா’ என்று தண்ணீரிடமே கேட்டுவிட்டு வந்தான். அவ்வளவு தூரத்துக்கு முற்றிப்போயிருந்தது.

சால்வை விழா முடிந்ததும் அன்பரசன் வெந்த புண்ணில் வேலையும் பாய்ச்சினார்.

“குமரேசா, நாளைக்கு விமல்ராஜ்கூடப் போ. அவன் எப்படித் தண்ணி மொள்றான்னு பாத்துக் கத்துக்கோ. அவன் கையில ஏதோ இருக்குய்யா.”

போனான். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். வேங்கிக்கால் கரையில் ஒரு புங்க மரத்தடியில் விமல்ராஜ் முதல் காரியமாகச் சாப்பாட்டைப் பிரித்தான். அவன் சம்சாரம் வெள்ளையம்மாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்திருந்தாள். வாசனை குமரேசனை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. தன் டப்பாவில் இருந்த புளிசோற்றைப் பார்த்தான். அழுகை வந்தது.

“இன்னா குமரேசா, ஒரு வாய் துன்றியா?”

“வேண்டுதல்பா.”

“இன்னும் அதப் புடிச்சிகினே கீறியா நீ?” என்று சொல்லிவிட்டு விமல்ராஜ் விரலைச் சப்பினான். அந்தக் கையைப் பேன்டில் ஒரு தேய் தேய்த்தான். அதே கையால் பாட்டில் மூடியைத் திறந்து, மணிக்கட்டு வரை தண்ணீரில் விட்டு மொண்டான்.

கையுறை இல்லையா என்றால், இருந்தது. பெட்டி பெட்டியாக இருந்தது. ஆய்வுக்கு வருகிறவர்கள் எண்ணிப் பார்த்தால் குறையக் கூடாது என்று அன்பரசன் அதை பீரோவில் வைத்துச் சீல் போட்டிருந்தார்.

குமரேசன் அந்தக் கையையே பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். கருவாட்டு டப்பாவைப் பார்த்தான். நெத்திலி ஏரியில் இல்லை, விமல்ராஜ் நகக்கண்ணில் இருக்கிறது. தனக்கு ஏன் இத்தனை நாளாக ஒன்றும் வரவில்லை என்பதும் புரிந்தது. எந்த போஸ்ட்டுக்காக மீனை விட்டானோ, அந்த போஸ்ட் மீனை விட்டதால்தான் கைநழுவிக்கொண்டிருந்தது. அண்ணாமலையார் சோதிப்பார் என்று சொல்வார்கள். இவ்வளவு விவரமாகச் சோதிப்பார் என்று இவன் நினைக்கவில்லை.

நல்ல மனுஷனாக இருந்தால் நேரே ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருப்பான். குமரேசன் அதையும் யோசிக்காமல் இல்லை. ஆனால் விமல்ராஜ் இறங்கினால் மட்டும் பத்துமா? அந்தச் சால்வை தன் தோளுக்கு வரவேண்டாமா? அவன் நெத்திலி காட்டினால் நான் சுறா காட்டுகிறேன் என்று அங்கேயே, அந்தப் புங்க மரத்தடியிலேயே முடிவு பண்ணிவிட்டான்.

அவன் மனைவி அபிநயா ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு கஃபேயில் கேக் போடுகிறவள். வெள்ளைக்காரர்களுக்கு முட்டையில்லாத கேக், கோதுமையில்லாத கேக், சர்க்கரையில்லாத கேக் என்று போட்டுப் போட்டு எதற்கும் ஆச்சரியப்படாத ஆளாகிவிட்டிருந்தாள். அவளே அன்றைக்குக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சுறாப் புட்டா? ஏங்க, சாமிக்குக் குடுத்த வாக்கு இன்னா ஆவறது?”

“வேலைக்காகத்தானே விட்டேன் அபி. அதே வேலைக்காகத்தானே துன்றேன். அவருக்குப் புரியும்.”

“அவருக்குப் புரியும். எனக்குத்தான் புரியல. நாக்கு கேக்குதுன்னு சொல்லுங்க, செஞ்சு தரேன். ஆபீஸ் வேலைன்னு சொல்லாதீங்க.”

கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த சுறாவை வாங்கி, வேகவைத்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு அவள் செய்த புட்டை, சும்மா சொல்லக் கூடாது, குமரேசன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். பிறகு கை கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலை ஏரிக்குப் போனான். விமல்ராஜ் மணிக்கட்டு வரைதான் விட்டான். இவன் முழங்கை வரை விட்டான்.

பதில் வந்த அன்றைக்கு அன்பரசன் அதை ரெண்டு தடவை படித்தார். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார். ஏரியில் சுறா இருக்கிறது. அதுவும் மிஷின் சொன்ன அளவைப் பார்த்தால் குடும்பத்தோடு இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. கிரிவலப் பாதையில் ‘சுறா நடமாடும் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை நட்டார்கள். ஏரியைச் சுற்றி ரப்பர் வளையங்கள் தொங்கவிட்டார்கள். கடலோர மாவட்டத்திலிருந்து ரோந்துப் படகு ஒன்று லாரியில் ஏறி வந்தது. செங்கம் ரோட்டில் ஒரு வளைவில் திரும்ப முடியாமல் நின்றுகொண்டது, நின்ற இடத்திலேயே அதைத் திறந்துவைத்தார்கள். எருமைகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. எருமைக்காரர்கள் கேட்டதற்கு, உங்கள் எருமைகளின் பாதுகாப்புக்குத்தான் என்றார்கள். பௌர்ணமிக்கு வந்த ஜனம் கரையில் நின்று எட்டி எட்டிப் பார்த்தது. ரெண்டு மூன்று பேர் பார்த்தும்விட்டார்கள்.

“பக்தர்கள் பயப்பட வேணாம்” என்று அன்பரசன் மைக்கில் சொன்னார். “சுறாவால உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. உங்களால சுறாவுக்கு ஆபத்து வந்துடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு எல்லாம். மனுஷங்க நெறைய பேர் இருக்கீங்க. சுறா கம்மியா இருக்கு.”

சால்வை குமரேசனுக்கு வந்தது. ஆரணிப் பட்டுதான், கூட ஒரு மாலையும். விமல்ராஜ் கைதட்டுவதை அவன் மேடையிலிருந்து கண்கொட்டாமல் பார்த்தான். விமல்ராஜ் பார்வை மின்விசிறி மேல் இருந்தது. அடடா, அந்த ஒரு நிமிஷத்துக்காகக் குமரேசன் இன்னும் பத்து வேண்டுதலை உடைத்திருப்பான். போஸ்ட்டுக்கான ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருப்பதாக வேறு காதில் விழுந்தது. இந்தச் சமயத்தில் சுறா கைவிட்டுவிடக் கூடாதே என்று காலையும் சாயங்காலமும் சுறாவே தின்றான்.

சுறா வாய்க்கால் வழியாகத் தப்பித்துப் போய்விடும் என்று அன்பரசன் ஏரி மதகை அடைத்துச் சீல் வைத்தது அந்த வாரம்தான்.

மதகுக்குக் கீழே முதல் கழனி குமரேசனின் மாமனார் கோதண்டராமனுடையது. நெல்லு பால் பிடிக்கிற சமயம். தண்ணீர் நின்றால் கதிர் பதராகிப் போகும். மனுஷன் கிணறு வற்றின பிற்பாடு அந்த ஏரியை நம்பித்தான் பயிர் வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மருமகன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“மாப்ள, அந்தச் சுறாவ நீதான் கண்டுபிடிச்சியாமே. ஊரே பேசிக்குது. எனக்குப் பெருமையாத்தான் கீது.”

“ஆமாங்க மாமா.”

“அத்த வேற எங்கனா போவச் சொல்ல முடியாதா? நான் பொறந்ததுலேர்ந்து அந்த ஏரிலதான் குளிக்கிறேன். என்னை ஒருநாளும் எதுவும் கடிச்சதில்ல. இப்போ அது வந்து என் சோத்துல கைய வைக்குதே.”

குமரேசன் புட்டுத் தட்டை மெல்லப் பின்னால் நகர்த்தினான். அபிநயா அப்பாவுக்குக் காபி கொடுத்து, அவர் போகிற வரைக்கும் சிரித்த முகமாக இருந்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

“எங்கப்பா கழனி ஓரம் காய ஆரம்பிச்சிடுச்சு. நேத்து போய் பாத்துட்டு வந்தேன். நீங்க போய் உண்மையச் சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?”

“சொன்னா போஸ்ட் போயிடும் அபி. விமல்ராஜுக்குப் போயிடும்.”

“போவட்டும்.”

“அவனுக்கா?” என்றான் குமரேசன். போஸ்ட் போவதைக்கூட அவன் தாங்கிக்கொள்வான் போலிருந்தது. போகிற இடத்தைத்தான் தாங்க முடியவில்லை. அவள் சுறாச் சட்டியை எடுத்துப் பரணில் கவிழ்த்துவிட்டாள். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தான். ஒரு பக்கம் புரண்டால் விமல்ராஜ் கழுத்தில் அட்டை தொங்கியது, மறுபக்கம் புரண்டால் மாமனார் துண்டை உதறினார்.

மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சுறா ஏரியில் இல்லை சார், என் கையில் இருந்தது சார், புட்டு தின்றுவிட்டுக் கழுவாமல் மொண்டேன் சார், மதகைத் திறந்துவிடுங்கள் சார்.

முதலில் பதறி எழுந்தவன் விமல்ராஜ். சுறா புட்டு என்றால் நெத்திலி என்ன என்று கேட்பார்களே.

“சார், நம்பாதீங்க சார். சுறா இருக்கு. நானே பாத்தேன் சார். நம்ம ரோந்துப் படகுக்குப் பக்கத்துலயே வந்துச்சு, அவ்ளோ கிட்ட” என்று படகு செங்கம் ரோட்டில் நிற்பதையும் மறந்து சொன்னான். தன் சுறாவுக்காக விமல்ராஜ் வாதாடுவதைக் கேட்க குமரேசனுக்கே விநோதமாக இருந்தது.

அன்பரசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்படவில்லை.

“குமரேசா, மனுஷன் தப்பு பண்ணுவான். நான் ஒத்துக்கறேன். மிஷின் தப்பு பண்ணாது, சென்னை தப்பு பண்ணாது, திட்டம் தப்பு பண்ணவே பண்ணாது. சுறா இருக்குன்னு நாம மேல எழுதிட்டோம். எழுதினது இருந்துதான் ஆவணும். அது எங்க இருக்குன்றதுதான் இப்போ கேள்வி. ஏரியில இல்ல, உன் கையில இருக்குன்னு சொல்ற. சரி. விஞ்ஞானம்னா சோதிச்சுப் பாக்கணும்.”

குமரேசன் ரெண்டு கையையும் ஒரு பாட்டில் தண்ணீரில் அலசவைத்து அதற்கு முத்திரை போட்டார்கள். ஏரித் தண்ணீரை அன்பரசனே நேரில் போய், மாலை போட்ட பாட்டிலில் மொண்டார். அவர் பரம்பரைச் சைவம். அவசரம் என்று எழுதிச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

பதில் வந்தது. ஏரியில் உயிர் ஏதுமில்லை. குமரேசனிடம் சுறா, ஏராளம்.

“பாத்தியா, மிஷின் தப்பு பண்ணல” என்றார் அன்பரசன். “சுறா எடம் மாறியிருக்கு. ஏரியை விட்டுட்டு குமரேசன்கிட்ட குடிவந்துடுச்சு.”

அன்று சாயங்காலமே மதகுச் சீலை உடைத்தார்கள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதைப் பார்த்துக் கோதண்டராமன் கழனி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று அபிநயா வந்து சொன்னாள். ஓரத்தில் நாலு பாத்திதான் போயிற்று. மிச்சம் தப்பித்தது. அன்றைக்கு அவள் பரணிலிருந்து சட்டியைத் தானாகவே இறக்கினாள்.

ஏரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அந்த இடத்தில் குமரேசனைச் சேர்த்தார்கள். அவன் வீட்டு வாசலில் பலகை வந்தது: ‘பாதுகாக்கப்பட்ட கடல்வாழ் உயிரின வாழிடம். இங்கே குப்பை கொட்டக் கூடாது.’ தெருவில் குப்பை கொட்டுவது நின்றது, அது ஒரு லாபம். கண்காணிக்கப்படுகிற இடமே கண்காணிக்கிற ஊழியராக இருக்க விதியில் வழியில்லை என்பதால் அவனை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து, பழைய சம்பளத்தையே இடப் பராமரிப்பு என்ற தலைப்பில் கொடுத்தார்கள். உயிர்ப்பன்மை குறைந்துவிடக் கூடாது என்று வாரம் முழுக்க வஞ்சிரம், சுறா, இறால் என்று ஆபீஸ் செலவிலேயே மீன் வந்து இறங்கியது. குமரேசனைக் கண்காணிக்க ஒரு பர்மனென்ட் ஆள் வேண்டுமே. அந்த போஸ்ட் விமல்ராஜுக்குப் போயிற்று.

அவனுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். மாதிரி எடுக்கிற கை சுத்தமாக இருக்க வேண்டும், கையுறைப் பெட்டியையோ பிரிக்க முடியாது. ஆகவே பணி ஓய்வு வரைக்கும் கவிச்சி தொடக் கூடாது என்று ஆர்டரிலேயே போட்டுவிட்டார்கள். வேங்கிக்கால் நெத்திலி அந்த மாதமே காணாமல் போனது. வலசை போய்விட்டதாக மேலே எழுதினார்கள்.

இப்போதும் தினம் மத்தியானம் விமல்ராஜ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறான். குமரேசன் கையை அலசிக் கொடுக்கிறான். பிறகு இடத்தின் உணவுப் பழக்கத்தைப் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும் என்பது விதி. குமரேசன் வஞ்சிர வறுவலைப் பிட்டுத் தின்கிறான், எதிரில் விமல்ராஜ் தயிர்சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கவனிக்கிறான். இவன் கண் அவன் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை மேல். அவன் கண் இவன் தட்டின் மேல். ரெண்டு பேருக்கும் சோறு இறங்குவதில்லை.

போன வெள்ளிக்கிழமை விமல்ராஜால் முடியவில்லை.

“குமரேசா, ஒரே ஒரு துண்டு. யாருக்கும் தெரியாது.”

குமரேசன் தெருவை ஒரு தரம் பார்த்தான்.

“அந்த அட்டைய ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுத் தரேன்.”

விமல்ராஜ் கழற்றிக் கொடுத்தான். குமரேசன் கையைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைத் தலைவழியாக மாட்டி, அட்டையை நெஞ்சில் நேராக வைத்து, சுவர்க் கண்ணாடியில் பார்த்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் இப்படியும் அப்படியும் திரும்பிக்கூடப் பார்த்தான். அப்படித் திரும்பியபோதுதான் கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருந்த விமல்ராஜ் தெரிந்தான். கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தான்.

தட்டைப் பார்த்ததும் குமரேசனுக்குப் பழையபடி வயிறு பற்றிக்கொண்டது. பாவி, நடுத்துண்டை எடுத்துவிட்டான்.